மூன்று முறை அமெரிக்கக் குடிமகன் ஆனவர்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

கடந்த சில வருடங்களாக உங்களில் பலர் எனக்கு ஒரே மாதிரியான புகைப்படம் அனுப்பி வருகிறீர்கள். ஒரு கையில் சின்ன அமெரிக்கக் கொடி, இன்னொரு கையில் சான்றிதழ், முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் படத்துக்கு முன்னால் எத்தனை வருடக் காத்திருப்பு இருக்கிறது என்பது எனக்கும் ஓரளவு தெரியும். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம், குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருடம், அப்புறம் என்-400 படிவம், கைரேகை, நேர்காணல், ஆங்கிலத் தேர்வு, குடிமையியல் தேர்வு, கடைசியில் உறுதிமொழி. என் வகுப்பில் குடிமையியல் பாடம் வந்தாலே ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நாற்பது வயதில் உட்கார்ந்து அமெரிக்க அரசியலமைப்பை மனப்பாடம் செய்தார்கள் என்று கேள்விப்படும்போது, ஒரு வாத்தியாருக்கு வரும் சந்தோஷமே தனி.

குடியுரிமை பெற ஐந்து வழிகள் என்று பாடத்தில் படித்தோமே, நினைவிருக்கிறதா? பிறப்பால், வம்சாவளியால், பதிவு செய்வதால், இயல்புரிமையால், நிலப்பகுதி சேர்வதால். ஐந்து மார்க் கேள்வி. இதில் நான்காவதான இயல்புரிமை என்ற சொல்லை எழுதிவிட்டு எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம். அமெரிக்காவில் அந்த ஒரு சொல்லுக்குள் நம் நாட்டுக்காரர்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. இன்று அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1790 மார்ச் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் தன் முதல் இயல்புரிமைச் சட்டத்தை இயற்றியது. நாடு பிறந்து அதிக வருடம் ஆகவில்லை, ஆட்கள் தேவை. அதனால் நிபந்தனைகள் ரொம்பச் சுலபம். இரண்டு வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசியலமைப்புக்கு விசுவாச உறுதி எடுக்க வேண்டும். ஆனால் விண்ணப்பிப்பவர் "சுதந்திரமான வெள்ளையர்" ஆக இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து வைத்தார்கள். வசிக்கும் காலத்தைப் பிறகு ஐந்தாக்கினார்கள், பதினான்காக்கினார்கள், 1802ல் மறுபடியும் ஐந்துக்கே வந்தார்கள். இன்று நீங்கள் காத்திருக்கும் ஐந்து வருடக் கணக்கு அந்தக் காலத்துக் கணக்குதான். "வெள்ளையர்" என்ற வார்த்தையை மட்டும் யாரும் தொடவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1870ல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இந்த உரிமை உண்டு என்று சேர்த்தார்கள். நடுவில் இருக்கும் ஆசியாக்காரர்கள்? சீனர்களுக்குக் கிடையாது என்று 1882ல் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். மற்றவர்களைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.

சட்டம் வாய் திறக்காத இடத்தில் நீதிபதி வாய் திறப்பார். அதனால் விண்ணப்பம் போட்டவரின் விதி அவர் எந்த ஊர் நீதிமன்றத்தில் போட்டார் என்பதைப் பொறுத்தது. சிரியாவிலிருந்து வந்தவர் ஓர் ஊரில் வெள்ளையர், இன்னோர் ஊரில் இல்லை. நம்மவர்களில் பிக்காஜி பல்சாரா என்ற பார்சிக்கு நியூயார்க்கில் 1910ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சரி என்றது. ஏ.கே. மஜும்தார் என்ற வங்காளிக்கு வாஷிங்டன் மாநிலத்தில் 1913ல் கிடைத்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து போன எல்லோருமே அவர்களுக்கு "இந்து"தான். சீக்கியர், முஸ்லிம் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது.

இந்தச் சூழலில் வந்து சேர்ந்தவர் பகத் சிங் திண்ட். (தூக்குமேடை ஏறிய நம் பகத் சிங் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1892ல் பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். 1913ல் அமெரிக்கா போனார். படிப்புச் செலவுக்காக ஆரிகன் மாநிலத்தின் மர ஆலைகளில் வேலை செய்தார். முதல் உலகப்போரின்போது 1918 ஜூலையில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையோடு சேர்ந்தவர் சில மாதங்களில் தற்காலிக சார்ஜென்ட் ஆனார். டிசம்பரில் ராணுவத்திலிருந்து விடுவித்தபோது அவருடைய நடத்தைக்கு "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதே டிசம்பர் 9ஆம் தேதி, ராணுவச் சீருடையிலேயே போய், அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழை வாங்கினார். நான்கே நாள்! இவர் வெள்ளையர் அல்லர் என்று இயல்புரிமைத் துறை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மனிதர் விடவில்லை. 1919ல் ஆரிகனில் மறுபடியும் விண்ணப்பம். அதே துறை மறுபடியும் எதிர்த்தது. கதர் கட்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரானவர் என்றெல்லாம் எடுத்து வைத்தார்கள். நீதிபதி சார்லஸ் வொல்வர்ட்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 1920 நவம்பரில் குடியுரிமை கொடுத்தார். இரண்டாவது முறை. அரசு மேல்முறையீடு போய், வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தது.

திண்ட் வழக்கு விசாரணைக்கு வருவதற்குச் சற்று முன், ஜப்பானியர் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதையும் தெரிந்துகொண்டால்தான் அடுத்தது புரியும். அவர் பெயர் தக்காவோ ஒசாவா. இளவயதில் கலிபோர்னியா வந்து, பெர்க்லியில் பள்ளிப்படிப்பு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிப்பு, பிறகு ஹவாயில் குடித்தனம். வீட்டில் ஆங்கிலம் பேசினார், பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கே அனுப்பினார். "நல்ல குடிமகன்" என்று எதை வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத மனிதர். என் தோலும் வெள்ளைதானே என்றும் வாதாடிப் பார்த்தார். 1922 நவம்பர் 13ல் நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து தீர்ப்பு எழுதினார். தோல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, "வெள்ளையர்" என்றால் "காக்கேசிய இனத்தவர்" என்று பொருள், ஜப்பானியர் அந்த இனம் இல்லை. முடிந்தது.

இதைப் படித்த திண்டுக்கும் அவருடைய வழக்கறிஞர்களுக்கும் எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும்! அக்கால இனநூல் புத்தகங்கள் எல்லாம் வட இந்தியரைக் காக்கேசிய இனத்தில்தான் சேர்த்திருந்தன. வெள்ளையர் என்றால் காக்கேசியர், நான் காக்கேசியர், ஆகவே நான் வெள்ளையர். கணக்குப் பாடத்தில் நிரூபணம் எழுதுவது மாதிரி இருக்கிறது அல்லவா?

1923 பிப்ரவரி 19. மூன்று மாதம் கடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதே உச்ச நீதிமன்றம், தீர்ப்பை எழுதியவரும் அதே சதர்லாந்து. இந்தத் தடவை அவர் சொன்னது வேறு. 1790ல் சட்டம் எழுதியவர்களுக்குக் "காக்கேசியர்" என்ற அறிவியல் சொல்லே பழக்கம் இல்லை. அவர்கள் சாதாரண மனிதனின் பேச்சு வழக்கில் எழுதினார்கள். ஆகவே சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர். எந்தக் காலத்திலோ இருவருக்கும் ஒரே மூதாதை இருந்திருக்கலாம், ஆனால் இன்று பார்த்தால் வித்தியாசம் சாதாரண மனிதனுக்கே தெரியும் என்றார். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களின் பிள்ளைகள் இங்கே கலந்து கரைந்துவிடுவார்கள், இந்துக்களின் பிள்ளைகள் அப்படிக் கரைய மாட்டார்கள் என்றும் எழுதினார். தாழ்வு உயர்வு என்று சொல்லவில்லை, வேறுபாடு என்றுதான் சொல்கிறோம் என்று ஒரு சமாதானமும் உண்டு. 1917லேயே இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வருவதற்குக் காங்கிரஸ் தடை போட்டிருந்ததையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை.

ஆக, ஜப்பானியர் வந்தபோது அறிவியலைக் காட்டினார்கள். இந்தியர் அறிவியலோடு வந்தபோது பாமரனைக் காட்டினார்கள். இதில் இன்னொரு சங்கதி: அந்த சதர்லாந்தே இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர்.

இதோடு நிறுத்தினால் திண்ட் பாவம், நீதிமன்றம் பொல்லாதது என்று கதை சுலபமாக முடிந்துவிடும். வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேனே, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு எப்படிச் சொன்னார்கள் என்றும் பாருங்கள் என்று. திண்டின் தரப்பு எப்படி வாதாடியது? நான் உயர்சாதி இந்து, தூய ஆரிய ரத்தம், இந்தியாவின் பூர்வகுடிகளை நாங்களும் கீழாகத்தான் பார்க்கிறோம், திருமண சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டோம், நீங்கள் உங்கள் நாட்டுக் கறுப்பினத்தவரைப் பார்ப்பது போலத்தான் நாங்களும் பார்க்கிறோம் என்று வாதாடியது. இத்தனைக்கும் அவர் சீக்கியர். சாதி வேற்றுமை கூடாது என்று சொன்ன மதம் அது.

இன்னொன்று நமக்கு நேராகவே தொடர்பு உள்ளது. அந்தத் தீர்ப்பில் நம் பெயரும் வருகிறது. இந்தியாவில் ஆரியர்கள் கறுத்த தோலுடைய திராவிடர்களோடு கலந்துவிட்டார்கள், சாதிக் கட்டுப்பாடு அந்தக் கலப்பைத் தடுக்கப் பார்த்தும் முழுதாக முடியவில்லை, ஆகவே ரத்தம் தூய்மையாக இல்லை என்று சதர்லாந்து எழுதுகிறார். அதாவது, திண்டை வெளியே நிறுத்த அவருக்குக் கிடைத்த சாக்குகளில் நாமும் ஒரு சாக்கு. திண்ட் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதவு ஆரியருக்குத்தான் திறந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ போயிருக்கக் கூடியவர் அடுத்த வழக்கில் தன் மூக்கையும் நிறத்தையும் அளந்து காட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

சுவர் தவறு என்று சொல்லாமல், நான் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. சட்டம் கேட்ட கேள்வியே அப்படி. 1878 முதல் 1952 வரை இப்படி நீதிமன்றம் ஏறிய ஆசியாக்காரர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் "நான் வெள்ளையர்" என்றுதான் வாதாடினார்கள். 1870 சட்டப்படி கறுப்பினத்தவருக்கும் குடியுரிமை உண்டு என்பது தெரிந்தும் அந்தப் பக்கம் போய் நிற்க யாரும் விரும்பவில்லை. அது எதைக் காட்டுகிறது என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

தீர்ப்பின் விளைவு திண்டோடு நிற்கவில்லை. அரசு பழைய பட்டியலை எடுத்தது. 1906ஆம் வருடச் சட்டத்தில், மோசடியாகவோ சட்டவிரோதமாகவோ பெற்ற குடியுரிமையை ரத்து செய்யலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. இந்தியர் வெள்ளையரே அல்லர் என்று இப்போது முடிவாகிவிட்டதால், அவர்களுக்கு முன்பு கொடுத்ததெல்லாம் ஆரம்பத்திலிருந்தே சட்டவிரோதம் என்று வாதம். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய மஜும்தாரின் குடியுரிமையும் போயிற்று. கலிபோர்னியாவில் குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் வேறு இருந்தது. ஆகவே காகிதத்தோடு காணியும் போகும். 1922 சட்டப்படி, தகுதியற்ற வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணும் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள்.

எதிர்த்து நின்று ஜெயித்தவர் ஒருவர் உண்டு. சகாராம் கணேஷ் பண்டிட். லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கறிஞர், 1914ல் குடியுரிமை பெற்றவர், திண்டுக்காக வாதாடியவரும் இவர்தான். தன் சொந்த வழக்கில் இவர் இனநூல் பக்கமே போகவில்லை. ஒரு நீதிமன்றம் விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு அது. அரசு அப்போதே மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். அதை நம்பி நான் தொழில் செய்தேன், சொத்து வாங்கினேன், என் மனைவியின் குடியுரிமையும் இதில் தொங்குகிறது. இத்தனை வருடம் கழித்து வந்து பிடுங்க முடியாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1926ல் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1927ல் அரசின் மனுவை எடுக்க மறுத்தது. அதன்பின் மற்றவர்கள் மேல் இருந்த வழக்குகளை அரசு கைவிட்டது. ரத்தத்தைப் பற்றிப் பேசித் தோற்றவர், நடைமுறையைப் பற்றிப் பேசி ஜெயித்தார். உங்களில் வக்கீலாக இருப்பவர்கள் இந்த வழக்கைத் தேடிப் படிக்கலாம்.

வைஷ்ணோ தாஸ் பகாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெஷாவரைச் சேர்ந்தவர். ஆங்கிலேய ஆட்சியில் வாழப் பிடிக்காமல், மனைவி கலா, மூன்று மகன்களோடு 1915ல் சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கினார். கையில் 25,000 டாலர். அந்தக் காலத்தில் பெரிய பணம். கடை வைத்தார், குடியுரிமை பெற்றார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கிச் சாமான் செட்டோடு போய் இறங்கினால், அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைய விடாதபடி வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து திரும்பி வந்துவிட்டார்கள். திண்ட் தீர்ப்புக்குப் பிறகு குடியுரிமை பறிபோனது, சொத்தும் கையை விட்டுப் போனது. இந்தியாவுக்குப் போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டபோது மறுத்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எந்த ஆட்சி வேண்டாம் என்று நாட்டை விட்டு வந்தாரோ, அதே ஆட்சியின் பிரஜையாகத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். 1928ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தில், இந்த நாட்டைத் தன் நாடாக்கிக்கொள்ள வந்ததையும், இப்போது ஒரு வீடுகூட வைத்துக்கொள்ள முடியாமல் நிற்பதையும் சொல்லியிருந்தார். பண்டிட் ஜெயித்த செய்தி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

திண்டுக்கு வருவோம். முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்கு இனம் பார்க்காமல் குடியுரிமை தரலாம் என்று 1935ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1936ல் நியூயார்க்கில் அவருக்கு மூன்றாவது முறையாகக் குடியுரிமை கிடைத்தது. இந்தத் தடவை யாரும் பிடுங்கவில்லை. ஆன்மிகச் சொற்பொழிவுகள், புத்தகங்கள் என்று வாழ்ந்து 1967ல் காலமானார்.

மற்ற இந்தியருக்கு வழி திறக்க இன்னொரு உலகப்போர் வேண்டியிருந்தது. நியாயம் உறைத்துத் திறந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசியாவில் ஜப்பானோடு போரிடும்போது, ஆசியரைத் தள்ளி வைக்கும் சட்டம் பிரச்சாரத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. 1943ல் கூட்டாளியான சீனாவுக்கு விலக்கு. நம்மவர்களுக்காக நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் என்ற வணிகர் இந்தியா லீக் அமைப்பின் மூலம் பல வருடம் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். கிளேர் பூத் லூஸ், இமானுவேல் செல்லர் இருவரும் கொண்டுவந்த மசோதாவில் 1946 ஜூலை 2ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். புதிதாக வர வருடத்துக்கு 100 பேருக்கு அனுமதி. ஆமாம், முழு இந்தியாவுக்கும் நூறு. இனத் தடை எல்லோருக்குமாக நீங்கியது 1952ல். வாசல் அகலமானது 1965ல்.

இந்தக் கணக்கில் நம் ஊர்க்காரர் ஒருவரும் மாட்டியிருந்தார். சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1937ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் எறிபொருளியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆலோசனை சொன்னார். 1944ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஆனாலும் 1946 வரை, அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பப் படிவம் கொடுக்கும் தகுதி அவருக்குக் கிடையாது. 1953ல் குடிமகன் ஆனார். 1983ல் நோபல் பரிசு.

தலிப் சிங் சௌந்த் கதை இன்னும் சுவாரசியம். பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். 1949 டிசம்பரில் குடியுரிமை கிடைத்தது. 1950ல் உள்ளூர் நீதிபதி தேர்தலில் நின்று ஜெயித்தார். தேர்தல் நாளில் குடிமகனாகி ஒரு வருடம் நிறையவில்லை என்று பதவி தரவில்லை! 1952ல் மறுபடியும் நின்று ஜெயித்தார். 1956ல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே உறுப்பினராகத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கர்.

இடையில் ஒரு விஷயம், உறவினர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன். வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக விரும்பிப் பெற்றால், நம் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை அன்றோடு முடிந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ அட்டையை "இரட்டைக் குடியுரிமை" என்று நம் ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது குடியுரிமை அல்ல; அதை வைத்து ஓட்டுப் போடவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது. உறுதிமொழி எடுக்கும் முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். பின்னால் நிலம் எழுதி வைக்கும் நேரத்தில் சண்டை வேண்டாம்.

கலா பகாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கணவர் போனபின் மூன்று மகன்களையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். 1946 சட்டத்துக்குப் பிறகு அவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கலிபோர்னியாவுக்குப் புதிதாக வரும் இந்தியக் குடும்பங்களுக்கெல்லாம் தாய்வீடு மாதிரி இருந்து 1983ல் மறைந்தார். அவர்களை வீட்டுக்குள் விடாமல் பூட்டிய அதே பெர்க்லி நகரம், 2020ல் ஊரின் நடுவில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்கத் தீர்மானித்தது. கலா பகாய் வே. சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் பிள்ளைகள் யாராவது அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.